பீன்யா ரெண்டாவது ஸ்டேஜ் ஹோஸ் கடை: அளவு கேக்கறதுக்கு முன்னாடி ஆயில் என்னன்னு கேட்டாங்க

மூணு வருஷமா எங்க கம்பெனிக்கு ஹைட்ராலிக் ஹோஸ், அதாவது அழுத்தத்தோட ஆயில் போற ரப்பர் குழாய், எல்லாம் இந்த கடையிலதான் போடறோம். இந்த ரிவ்யூ பக்கத்துல நிறைய பேர் ஸ்டார் மட்டும் குடுத்துட்டு போயிருக்காங்க, எழுதினவங்களும் நல்ல சர்வீஸ்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டாங்க, புதுசா ஹோஸ் வாங்க வர்ற ஒருத்தருக்கு அதை வச்சு எதுவும் தெரியாது, அதனால நான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

நான் பெங்களூரு பீன்யால ஒரு சின்ன மெஷின் ஷாப்ல மெயின்டனன்ஸ் பாக்கறேன். ஒரு ஹைட்ராலிக் பிரஸ், மூணு விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மெஷின்), ரெண்டு எஸ்பிஎம் (ஒரே வேலைக்குன்னு செஞ்ச மெஷின்), ஒரு கம்ப்ரஸர். அவ்வளவுதான் மெஷின், ஆனா ஒரு நாள் ஸ்டோர்ஸ் பையனோட உக்காந்து எண்ணினோம், சின்னது பெருசு எல்லாம் சேத்து ஹோஸ் மட்டும் நூத்துக்கு மேல இருந்துச்சு. பம்ப் போனா மாசக்கணக்கா முன்னாடியே சத்தம் குடுக்கும், மோட்டார் போனா சூடு காட்டும், ஹோஸ் அப்படி இல்ல, பல தடவை சொல்லாம கொள்ளாம போகும், போறப்போ பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு பாக்காது.

இந்த கடைக்கு வர்றதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல வாங்கிட்டு இருந்தோம், எந்த இடம்னு சொல்ல விரும்பல. பிரஸ்ஸுக்கு அரை இன்ச், 600 மில்லிமீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் த்ரெட்) நட், ஒண்ணு வேணும்னு போன்ல சொன்னோம், பதினஞ்சு நிமிஷத்துல ரெடி, ரேட்டும் கம்மி, எல்லாருக்கும் சந்தோஷம். அஞ்சு மாசம் ஓடுச்சு. ஒரு நாள் செகண்ட் ஷிஃப்ட்ல ஹோஸ் முனையில இருக்கற இரும்பு வளையம், பெரூல்னு சொல்வாங்க, அது பக்கத்துலயே வெடிச்சு ஆயில் ஷெட் கூரை வரைக்கும் அடிச்சுது, ஆபரேட்டர் அப்பதான் பீஸ் எடுக்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தார், அதனால தப்பிச்சார். அந்த ஹோஸை கழட்டி துடைச்சு பிரிண்ட்டை படிச்சா 1எஸ்என்னு இருக்கு. அதாவது ஒரே ஒரு கம்பி பின்னல். அரை இன்ச் 1எஸ்என் ஹோஸுக்கு ஒர்க்கிங் பிரஷர் 160 பார்தான் (பார்ங்கறது அழுத்தத்தோட அளவு), எங்க பிரஸ் செட்டிங் 180 பார். அதே அரை இன்ச்சுல 2எஸ்என், அதாவது ரெண்டு கம்பி பின்னல், வாங்கியிருந்தா 275 பார். வெளிய பாத்தா ரெண்டும் ஒரே கறுப்பு ரப்பர், பக்கத்துல பக்கத்துல வச்சாதான் தடிமன் வித்தியாசமே தெரியும். அந்த கடைக்காரர் பிரஷர் என்னன்னு கேக்கல, நாங்களும் சொல்லல, ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு, ஆனா தினமும் ஹோஸ் விக்கறவர் கேட்டிருக்கணும்ங்கறது இன்னைக்கும் என்னோட எண்ணம்.

அதுக்கு அடுத்த நாள்தான் முதல் தடவை இங்க வந்தேன். கவுண்டர்ல ஓனர் உக்காந்திருந்தார், வயசானவர், தும்கூர் பக்கம் சொந்த ஊரு, தமிழ் நல்லாவே பேசுவார். வெடிச்ச ஹோஸை மேஜை மேல வச்சு இதே மாதிரி ஒண்ணு குடுங்கன்னேன். அவர் அதைத் தொடவே இல்ல. "யாவ ஆயில் சார்?"னார், எந்த ஆயில்னு கன்னடத்துல. நான் 68னு ஆயிலோட கெட்டித்தன்மை கிரேடை சொன்னேன். "மினரல் ஆயில்தானே? பிரஷர் எஷ்டு? டேங்க் சூடு எவ்வளவு போகும்? இது பிரஷர் லைனா, ரிட்டர்னா? ஹோஸ் ஆடுமா, ஒரே இடத்துல நிக்குமா?" இப்படி ஏழெட்டு கேள்வி. எனக்கு உள்ளுக்குள்ள கோவம், பிரஸ் நிக்குது, மேனேஜர் போன் மேல போன் அடிக்கறார், இவர் இன்டர்வியூ எடுக்கறார். கடைசியா, "சார், ஹோஸ் அளவு கடைசி கேள்வி, அதுக்கு முன்னாடி இதெல்லாம் தெரியணும்"னு சொல்லிட்டு ஒரு பழைய நோட்டுல எழுதிக்கிட்டார். அந்த நோட்டுல இன்னைக்கும் எங்க கம்பெனி பேர்ல ஒரு பக்கம் இருக்கு, எந்த மெஷின்ல எந்த ஹோஸ் எந்த மாசம் போட்டதுன்னு எழுதி வச்சிருக்கார், எங்க ஸ்டோர்ஸ்ல கூட அப்படி ஒரு பதிவு அப்ப கிடையாது.

ஆயில் ஏன் கேட்டார்னு அப்புறம்தான் புரிஞ்சுது. சாதாரண ஹைட்ராலிக் ஹோஸுக்கு உள்பக்க ரப்பர் நைட்ரைல், மினரல் ஆயிலுக்கு அது சரி, தண்ணியும் கிளைக்கால்ங்கற கெமிக்கலும் கலந்த திரவத்துக்கும் பரவாயில்ல. ஆனா சீக்கிரம் தீப்பிடிக்காத ஆயில்னு சில இடத்துல பாஸ்பேட் எஸ்டர் ஊத்துவாங்க, அது பட்டா நைட்ரைல் ஊறி மெத்துன்னு ஆயிடும், அதுக்கு ஈபிடிஎம் ரப்பர் வேணும், அதே ஈபிடிஎம்மை கொண்டுவந்து மினரல் ஆயில்ல மாட்டினா அது ஊறிப்போகும். ரெண்டும் நேர் எதிர். கடையில தெரியாம மாத்திக் குடுத்துட்டா முதல் வாரம் ஒண்ணும் தெரியாது, அப்புறம் உள்பக்கம் உரிஞ்சு வால்வுக்குள்ள போய் மாட்டிக்கும், நாம வால்வு கெட்டுப்போச்சுன்னு வால்வை மாத்திட்டு இருப்போம். சூடும் அதே மாதிரிதான், சாதாரண 2எஸ்என் ஹோஸ் 100 டிகிரி வரைக்கும்னு போட்டிருப்பாங்க, ஃபர்னஸ் பக்கத்துல ஓடற லைனுக்கு வெளிச்சூட்டையும் சேத்துப் பாக்கணும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். அந்த பிரஸ்ல ஆயிலை டேங்குக்கு திருப்பி கொண்டு போற ரிட்டர்ன் ஹோஸ் ஒண்ணு, ராம் (மேல கீழ போய் அழுத்தற பாகம்) மேல போறப்போ எல்லாம் டம்முனு ஒரு உதறல், கிளாம்ப் ரெண்டு தடவை லூஸ் ஆச்சு. ஹோஸ் புதுசா மாத்தியும் அதே கதை. இங்க வந்து சொன்னேன். ஓனர் பம்ப் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னார், 40ன்னேன். சரின்னு நிறுத்தல, சிலிண்டர் போர் (உள்விட்டம்) எவ்வளவு, அதுக்குள்ள ஓடற ராடு எவ்வளவுன்னார். போர் 100 மில்லிமீட்டர், ராடு 70. ஒரு அட்டைப்பெட்டி மூடியில கணக்கு போட்டார். ராம் மேல ஏறப்போ பம்ப் ஆயில் ராடு பக்கம் போகுது, அந்தப் பக்கம் ராடு இடத்தை அடைச்சிருக்கறதால பரப்பு சுமார் பாதிதான், அதனால மறுபக்கத்துல இருந்து வெளிய தள்ளற ஆயில் 40 இல்ல, கிட்டத்தட்ட 78 லிட்டர். இந்த 78 லிட்டரும் ரிட்டர்ன் ஹோஸ் வழியாதான் டேங்குக்கு போகணும். எங்ககிட்ட இருந்தது அரை இன்ச். லிட்டரை 21.2ஆல பெருக்கி ஹோஸ் உள்விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து அதோட ஸ்கொயரால வகுத்தா செகண்டுக்கு எத்தனை மீட்டர் வேகம்னு வரும், போட்டுப் பாத்தா 10 மீட்டருக்கு மேல! ரிட்டர்ன்ல ரெண்டு மூணு மீட்டர் வேகத்துக்குள்ள இருக்கணும், பிரஷர் லைன்ல அஞ்சு ஆறு வரைக்கும் விடலாம், டேங்குல இருந்து பம்ப் உறிஞ்சற சக்ஷன் லைன்ல ஒரு மீட்டர் தாண்டாம இருந்தா நல்லது. முக்கால் இன்ச் போட்டாலும் நாலரைக்கு மேல நிக்குது, ஒரு இன்ச் போட்டாதான் 2.6. நான் ஒரு இன்ச் ஹோஸும் அதுக்கு ஏத்த அடாப்டரும் வாங்கிட்டு வந்து மாட்டினேன், அன்னைக்கோட அந்த உதறல் நின்னுச்சு. பதினாலு வருஷமா மெயின்டனன்ஸ்ல இருக்கேன், பம்ப் லிட்டரை மட்டும் பாத்துட்டு ரிட்டர்ன் ஹோஸ் போடக்கூடாதுங்கறதை அந்த அட்டைப்பெட்டி மூடிதான் சொல்லிக் குடுத்துச்சு, அதை நான் வாங்கிட்டு வந்து என் லாக்கர் கதவுல ஒட்டி வச்சிருக்கேன்.

கிரிம்பிங், அதாவது ஹோஸ் முனையில பெரூலை அழுத்தி ஃபிட்டிங்கைப் பிடிக்க வைக்கறது, இங்க கண்ணு முன்னாடியே போடறாங்க, கிருஷ்ணகிரி பக்கத்து அண்ணன் ஒருத்தர்தான் மெஷின்ல நிப்பார், கை சுத்தம். கட் பண்ற வீல்ல அறுக்கறப்போ ரப்பர் தூளும் கம்பித் தூளும் ஹோஸுக்குள்ள போகும், நிறைய கடையில ஏர் கன் வச்சு ஒரு ஊது ஊதிட்டு நிப்பிளை (ஹோஸுக்குள்ள போற ஃபிட்டிங் முனை) சொருகிடுவாங்க. இங்க நுரைப்பஞ்சு குண்டு ஒண்ணை ஏர் துப்பாக்கியில வச்சு ஹோஸுக்குள்ள சுடறார், அந்தப் பக்கம் வெள்ளைக் குண்டு கறுப்பா வெளிய விழும், அடுத்தது இந்தப் பக்கத்துல இருந்து சுடறார், குண்டு சுத்தமா வர்ற வரைக்கும் விடமாட்டார். நீங்க போனா அந்த முதல் குண்டைக் கையில வாங்கிப் பாருங்க, அந்த அழுக்கு எல்லாம் நேரா உங்க வால்வுக்கு போயிருக்க வேண்டியது. அப்புறம் நிப்பிள் எவ்வளவு உள்ள போகணும்னு சாக்பீஸ்ல கோடு, கிரிம்ப் போட்டதும் பெரூல் நடுவுல வெர்னியர் வச்சு அளந்து சுவத்துல ஒட்டியிருக்கற சார்ட்டோட ஒத்துப் பாக்கறார், கம்மியா அழுத்தினா ஹோஸ் பிடுங்கிட்டு வரும், ஜாஸ்தி அழுத்தினா நிப்பிள் உள்ள நசுங்கி வழி குறுகிடும். கடைசியா ரெண்டு முனையிலயும் பிளாஸ்டிக் மூடி. அந்த மூடியை மாட்டற நிமிஷம் வரைக்கும் கழட்டாதீங்க.

நீளம் சொல்றப்போ இழுத்துப் பிடிச்சு அளந்து சொல்லாதீங்க. பிரஷர் ஏறினா ஹோஸ் நீளம் 4 சதவீதம் வரைக்கும் குறையலாம், 2 சதவீதம் கூடவும் கூடலாம், 600 மில்லி ஹோஸ்ல 24 மில்லி சுருங்கினா அந்த இழுப்பு முழுக்க கிரிம்பிங் மேலதான். ரெண்டு பக்கமும் எல்போ வந்தா ஒரு எல்போவுக்கு இன்னொண்ணு எத்தனை டிகிரி திரும்பி இருக்குன்னு கேப்பாங்க, அதுக்கு பழைய ஹோஸை அப்படியே கொண்டு போறதுதான் சுலபம். முறுக்கி மாட்டாதீங்க, ஹோஸ் மேல நீளவாக்குல பிரிண்ட் ஓடுதே, அந்தக் கோடு நேரா இருக்கணும், திருகிட்டுப் போச்சுன்னா ஹோஸ் முறுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், கொஞ்சம் முறுக்கல்லயே ஆயுசு ரொம்பக் குறையும்.

வளைவு பத்தி ஒண்ணு. எஸ்பிஎம் ஃபிக்ஸர்ல இடம் ரொம்ப நெருக்கடி, அரை இன்ச் 2எஸ்என்னை வளைக்க குறைஞ்சது 180 மில்லி ரேடியஸ் வேணும், அங்க அவ்வளவு கிடையாது, பழைய ஆளுங்க மடக்கி சொருகி வச்சு வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்திட்டு இருந்தாங்க. கிரிம்பிங் போடற அந்த அண்ணன்தான், "2எஸ்சி போடுங்க தம்பி, அதே 275 பார்தான், ஆனா 130லயே வளையும், வெளிச்சுத்தும் சிறுசு"ன்னார். ஈஎன் 857ங்கற ஐரோப்பிய தரத்துல வர்ற ஹோஸ் அது, ரேட் கொஞ்சம் ஜாஸ்தி. போட்டு ஒண்ணரை வருஷம் ஆச்சு, இன்னும் மாத்தல.

த்ரெட் விஷயத்துல எல்லாருமே ஏமாறுவோம். அரை இன்ச் பிஎஸ்பி, அரை இன்ச் என்பிடி (அமெரிக்க பைப் த்ரெட்) ரெண்டுலயும் ஒரு இன்ச்சுக்கு 14 த்ரெட், அதனால ஒண்ணுக்குள்ள ஒண்ணு ரெண்டு சுத்து நல்லா ஏறும், சரியா இருக்குன்னு நினைச்சு ஸ்பேனர் போட்டு இறுக்குவோம், த்ரெட் கோணம் ஒண்ணு 55 இன்னொண்ணு 60, ஒழுகும், இன்னும் இறுக்குவோம், போச்சு. ஸ்விவல் நட் (தனியா சுத்தற நட்) வர்ற ஹோஸ்ல சீல் ஆகறது த்ரெட்ல இல்ல, உள்ள இருக்கற கோன்ல. பிஎஸ்பி கோன் 60 டிகிரி, ஜேஐசிங்கற அமெரிக்க ரகம் 37 டிகிரி ரெண்டு பக்கமும், டிஐஎன்ங்கற ஜெர்மன் ரகம் 24 டிகிரி. இந்த கடையில த்ரெட் கேஜும் கோன் கேஜும் கவுண்டர்லயே தொங்குது, கஸ்டமர் கொண்டு வர்ற சாம்பிளை வச்சுப் பாக்காம ஃபிட்டிங் எடுக்கவே மாட்டாங்க. நான் ஒரு தடவை டெஃப்லான் டேப் கேட்டேன் ஸ்விவல் நட்டுக்கு, குடுக்கல. "கோன் ஒக்காந்தா டேப் எதுக்கு, டேப் பிஞ்சு வால்வுக்குள்ள போகும்"னாங்க. போர்ட்ல நேரா போடற பிஎஸ்பி அடாப்டருக்கு டவுட்டி வாஷர் (உள்ள ரப்பர் ஒட்டின இரும்பு வாஷர்) குடுத்தாங்க, அவ்வளவுதான் தேவைப்பட்டுச்சு.

ஹோஸ் மேல உற்பத்தி தேதி பிரிண்ட் ஆகியிருக்கும், வருஷமும் காலாண்டும். அதை கேட்டுப் படிச்சு வாங்குங்க. ஜெர்மன் டிஐஎன் 20066ல அசெம்பிளி பண்ணின ஹோஸுக்கு ஸ்டோர்ல வச்ச காலத்தையும் சேத்து ஆறு வருஷம், அதுல ஸ்டோரேஜ் ரெண்டு வருஷத்துக்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு. அதை அப்படியே இங்க யாரும் ஃபாலோ பண்றது கிடையாது, ஆனா ஒரு அளவுகோல் வேணும் இல்லையா. இங்க ரோல் எல்லாம் வெயில் படாம உள்ரூம்ல இருக்கு, நான் பாத்த வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு முந்தின ரோல் வந்ததில்ல.

அடுத்து பின்னாடி ரூம்ல இருக்கற மாட்யூலர் வால்வு செக்ஷன். செடாப் 3, அதாவது என்ஜி6 அளவு சாண்ட்விச் வால்வு எல்லாம் ஸ்டாக் வச்சிருக்காங்க. புரியாதவங்களுக்கு சொல்றேன், முன்னாடி எல்லாம் ஒரு சிலிண்டருக்கு பிரஷர் குறைக்க ஒரு வால்வு, வேகம் குறைக்க ஒரு வால்வு (த்ராட்டில்), பிடிச்சு நிக்க ஒரு வால்வு (பைலட் செக்)னு தனித்தனியா மாட்டி நடுவுல எல்லாம் பைப்பும் ஹோஸும் ஓடும், ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒழுகறதுக்கு ஒரு வாய்ப்பு. சாண்ட்விச்ல எல்லாம் ஒரே துளை அமைப்பு, ஐஎஸ்ஓ 4401 படி, கீழ மேனிஃபோல்ட் (ஆயில் வழி துளைச்ச இரும்புக்கட்டி), அது மேல தட்டு தட்டா அடுக்கி உச்சியில கரண்ட்ல திசை மாத்தற சொலினாய்டு வால்வு, நாலு எம்5 போல்ட் மேல இருந்து கீழ வரைக்கும். எங்க எஸ்பிஎம்மை இப்படி மாத்தினப்புறம் கிளாம்பிங் பக்கம் ஹோஸ் பாதிக்கும் கீழ வந்துடுச்சு, தரையில ஆயில் இல்ல.

ஆனா இதுலயும் தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கு, இதைத்தான் அவங்க போன்லயே கண்டுபிடிச்சாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை எங்க ஃபிட்டர் ஓ ரிங் மாத்த அடுக்கைக் கழட்டி திரும்ப மாட்டினார், திங்கள் காலையில கிளாம்ப் திறக்கறப்போ தடதடன்னு ஒரே ஆட்டம், பீஸ் எல்லாம் நகருது. பம்ப்ல காத்து இருக்கோ, சிலிண்டர் சீல் போச்சோன்னு அரை நாள் தேடினோம். கடைக்கு போட்டோ அனுப்பினேன், ரெண்டு நிமிஷத்துல ஓனர் கூப்பிட்டார், "பைலட் செக்கும் த்ராட்டிலும் இடம் மாறிடுச்சு சார், செக் மேல வரணும், த்ராட்டில் கீழ சிலிண்டர் பக்கம்." விஷயம் என்னன்னா, வெளிய வர்ற ஆயிலை நெருக்கற த்ராட்டில், செக் வால்வுக்கும் சொலினாய்டுக்கும் நடுவுல இருந்தா, அங்க பின்னழுத்தம் ஏறி செக் வால்வை மூடப் பாக்கும், மூடினா அழுத்தம் இறங்கும், திரும்பத் திறக்கும், திரும்ப மூடும், அந்த ஆட்டம்தான் சிலிண்டர்ல தெரிஞ்சது. மாத்தி அடுக்கினதும் வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. அந்தப் போனுக்கு ஒரு ரூபாய் கேக்கல. சொலினாய்டு வால்வு நடு நிலையில, சிலிண்டருக்கு போற ஏ, பி வழி ரெண்டும் டேங்குக்கு திறந்திருக்கற ஸ்பூலா (வால்வுக்குள்ள நகர்ற தண்டு) இருக்கணும், இல்லைன்னா பைலட் பிரஷர் வடியாம செக் சரியா மூடாதுன்னும் அப்பவே சொன்னார், நாங்க பாத்தோம், அது சரியாவே இருந்துச்சு.

பிராண்டு மாத்தி அடுக்கறப்போ ஒரு ஜாக்கிரதை. துளை அமைப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான், தட்டோட உயரம் ஒண்ணு இல்ல. பழைய போல்ட்டையே போட்டா சில சமயம் நீளம் ஜாஸ்தியாகி போல்ட் மேனிஃபோல்ட் அடியில போய் முட்டும், ஸ்பேனருக்கு இறுக்கமா தெரியும், தட்டுக்கு நடுவுல இறுக்கம் இருக்காது, பிரஷர் ஏறினதும் ஓ ரிங் பிதுங்கும். எனக்கு நடந்திருக்கு. இங்க தட்டு வாங்கினா மொத்த உயரம் கூட்டிப் பாத்து போல்ட் செட் எடுத்துக் குடுப்பாங்க, ஓ ரிங்கும் ஒரு தட்டுக்கு நாலு, 9.25க்கு 1.78 அளவு, கூடவே ஒரு செட் எக்ஸ்ட்ரா. போல்ட்டை ஒரே மூச்சுல ஒரு பக்கம் இறுக்காம மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும்.

ஏர் பக்கம், அதாவது நியூமேட்டிக்ஸ், இங்க சுமார்தான். பியு (பாலியூரித்தேன்) ட்யூப், புஷ் ஃபிட்டிங், எஃப்ஆர்எல் (காத்தை வடிகட்டி, பிரஷர் குறைச்சு, ஆயில் சேக்கற யூனிட்) எல்லாம் இருக்கு, ஆனா ரகம் கம்மி, இதுக்கு எஸ்பி ரோடு போனீங்கன்னா நாலு கடை ஏறி இறங்கி வேணும்ங்கறதை எடுக்கலாம். கோயம்புத்தூர் ஜனாடிக்ஸ் சாமான் இங்கயும் கிடைக்குது, எங்க கம்பெனியில பாதிக்கு மேல அதுதான் ஓடுது, நான் திருப்தியா இருக்கேன். எஃப்ஆர்எல் வாங்கறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை, அந்த கண்ணாடி மாதிரி இருக்கற கிண்ணம் பாலிகார்பனேட், அதை தின்னர் போட்டு கழுவாதீங்க. எங்க ஹெல்பர் பையன் பளிச்சுன்னு இருக்கட்டும்னு தின்னர்ல கழுவிட்டான், அடுத்த நாள் பாத்தா முடி முடியா விரிசல், அதுக்குள்ள ஏழு பார் காத்து, நினைச்சாலே பயமா இருக்கு. சோப்புத் தண்ணி போதும். புஷ் ஃபிட்டிங் ஒழுகினா ஃபிட்டிங்கை திட்டறதுக்கு முன்னாடி ட்யூப் முனையைப் பாருங்க, கட்டிங் பிளேயர்ல வெட்டினா சாய்வா நசுங்கி இருக்கும், ட்யூப் கட்டர் வாங்கி நேரா வெட்டுங்க, பாதி லீக் அங்கயே நிக்கும்.

விஎம்சியில கூலன்ட் அடிக்க மணி மணியா கோத்த மாதிரி பிளாஸ்டிக் மாட்யூலர் பைப் இருக்கே, கையால வளைச்சா வளைச்ச இடத்துலயே நிக்கும், அது இங்க கால், அரை, முக்கால் இன்ச் மூணுலயும் கிடைக்குது, நாஸிலும் வால்வும் தனியா வாங்கலாம். அது கம்மி பிரஷர் சாமான், ஹை பிரஷர் கூலன்ட் பம்ப் வச்ச மெஷின்ல போட்டா மணி கழண்டு பறக்கும். நான் கேட்டப்போ பம்ப் பிரஷர் சொல்லுங்கன்னு இதுக்கும் கேட்டாங்க.

தெரியாததை தெரியாதுன்னு சொல்ற பழக்கமும் இருக்கு. நான் நின்னுட்டு இருந்தப்பவே ஒரு பால் பொருள் யூனிட்ல இருந்து ஒருத்தர் வந்து சூடான தண்ணியும் கெமிக்கலும் போற லைனுக்கு ஹோஸ் கேட்டார். கடையில நல்ல ரப்பர் ஹோஸ் இருந்துச்சு, குடுத்திருந்தா பணம். "ஃபுட் கிரேடு நம்மகிட்ட இல்ல சார், அதுக்குன்னு செய்யறவங்ககிட்ட போங்க"ன்னு அனுப்பிட்டாங்க. சனிக்கிழமை கூட்டத்துல அப்படி சொல்ல ஒரு மனசு வேணும்.

குறைகளும் இருக்கு, மறைக்க வேண்டாம். முதல்ல நேரம். ஒரு மணி நேரம்னு சொன்னா சனிக்கிழமை மூணு மணி நேரம் ஆகுது, கிரிம்பிங் மெஷின் ஒண்ணுதான், அந்த அண்ணன் லீவு போட்டா ஓனரே நிக்கறார், வேலை சுத்தமா இருக்கு ஆனா மெதுவா. பிரேக்டவுன்ல வர்றவங்களுக்கு தனி வரிசைன்னு ஒண்ணு வச்சா நல்லா இருக்கும், நான் ரெண்டு தடவை சொல்லிட்டேன். ரெண்டாவது பில். முன்னாடி எல்லாம் ஹோஸ் அரை இன்ச் 600 மில்லி ஒண்ணுன்னு மட்டும் போடுவாங்க, 1எஸ்என்னா 2எஸ்என்னா எதுவும் இருக்காது, ஆறு மாசம் கழிச்சு எங்க பர்ச்சேஸ்ல அதே பில்லைக் காட்டி வேற இடத்துல ரேட் கேப்பாங்க, திரும்ப அதே தப்பு. சண்டை போடாத குறையா கேட்டப்புறம் இப்ப எங்க பில்லுல மட்டும் முழு விவரம் போடறாங்க, எல்லாருக்கும் போடணும். மூணாவது டெஸ்ட்டிங். ஒர்க்கிங் பிரஷர் மாதிரி ரெண்டு மடங்கு ஏத்தி ப்ரூஃப் டெஸ்ட் பண்ணித் தர்ற பெஞ்ச் கடையில இல்ல, சர்டிஃபிகேட் வேணும்னா வெளிய அனுப்பறாங்க, ரெண்டு நாள் போகுது, காசும் தனி. இவ்வளவு கவனமா கிரிம்ப் போடற கடையில இது இல்லாதது எனக்கு உறுத்தலாவே இருக்கு. ரேட் மத்த இடத்தைவிட கொஞ்சம் ஜாஸ்தி, ஒரு ஹோஸுக்கு நூறு நூத்தம்பது வித்தியாசம் வரும், அதைப் பத்தி எனக்கு புகார் இல்ல, ஒரு தடவை வெடிச்சா கொட்டற ஆயிலுக்கே அதைவிட பல மடங்கு போகும்.

வண்டி நிறுத்த இடம் கிடையாது, ரோட்டுல லாரி நிக்கும். மெட்ரோவுல பீன்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷன்ல இறங்கி ஆட்டோ பிடிக்கறது சுலபம், சின்ன ஹோஸ்னா நான் அப்படித்தான் போயிட்டு வர்றேன்.

போறவங்க ஒண்ணு செய்யுங்க, பழைய ஹோஸைக் கழட்டறப்போ முதல்ல மெஷின் நிறுத்தி பிரஷர் இறக்குங்க, அக்குமுலேட்டர் (பிரஷரோட ஆயிலை சேமிச்சு வைக்கற சிலிண்டர்) இருந்தா அதையும் காலி பண்ணுங்க. எங்க ஒழுகுதுன்னு கையால தடவிப் பாக்காதீங்க, தயவு செஞ்சு. ஊசி முனை அளவு ஓட்டையில இருந்து வர்ற ஆயில் கண்ணுக்குத் தெரியாது, தோலைக் கிழிச்சுட்டு உள்ள போயிடும், வெளிய ஒரு சின்னப் புள்ளிதான் இருக்கும், வலி கூட உடனே இருக்காது, கொசு கடிச்ச மாதிரின்னு விட்டுட்டா விரலையோ கையையோ எடுக்கற நிலைமைக்கு போகும். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்க. யாருக்காவது பட்டுச்சுன்னா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி, டாக்டர்கிட்ட ஹைட்ராலிக் ஆயில் பிரஷரோட உள்ள போயிருக்குன்னு சொல்லுங்க, சும்மா காயம்னு சொன்னா கட்டு போட்டு அனுப்பிடுவாங்க. இந்த கடைச் சுவத்துல சார்ட் பக்கத்துல இதுக்கும் ஒரு தாள் ஒட்டியிருக்காங்க, கன்னடத்துலயும் தமிழ்லயும், கையால எழுதினது.

நாலு ஸ்டார் குடுத்திருக்கேன். டெஸ்ட் பெஞ்ச் வாங்கப் போறதா போன மாசம் ஓனர் சொன்னார், அது வந்துச்சுன்னா எங்க பிரஸ் ஹோஸை முதல்ல ஏத்திப் பாத்துட்டு அஞ்சாவது ஸ்டாரை வந்து போடறேன்.